ஈயம்: சேர்க்கப்படவில்லை

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், இரண்டு வருடமாக. அதனால் காகிதம். நலம் விசாரிக்க எழுதவில்லை, பயப்படாதீர்கள்.

உங்கள் பட்டறையிலிருந்து எங்கள் கப்பல் தளத்துக்குப் பன்னிரண்டு பம்பு உடல்கள் வந்தன. கடல் தண்ணீர் இறைக்கிற பம்பு, செம்பு-நிக்கல் வார்ப்பு. நான் இங்கே வெல்டிங் ஆய்வாளர். உங்களுக்குத் தெரிந்திருக்கும்; தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். மூன்றைக் குழாயோடு சேர்த்து வெல்டிங் செய்தோம். மூன்றும் வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விட்டன. சூடு ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதைக் கேட்டால் வெல்டிங்காரன் முகம் சுருங்கிப்போகும்.

விரிசல் விட்ட இடத்தில் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். செம்பு அறுபத்தேழு, நிக்கல் முப்பது, இரும்பும் மாங்கனீசும் நியோபியமும் ஏறக்குறைய ஒவ்வொன்று. எல்லாம் சரி. ஈயம் மட்டும் 0.034 சதவீதம். இருக்கலாம் என்று விதி விடுவது 0.01. ஈயம் இந்தக் கலவையில் கரையாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். உலோகத்தின் நுண்ணிய மணிக்கும் மணிக்கும் நடுவே மெல்லிய ஏடாகப் படிந்து உட்கார்ந்திருக்கும். மற்றதெல்லாம் கெட்டியாக நிற்கிற சூட்டில் அது மட்டும் உருகும். அந்த நேரத்தில் வெல்டிங் இழுத்தால் பிளக்காமல் என்ன செய்யும்?

உங்கள் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. ஈயத்துக்கு நேரே மட்டும் 'சேர்க்கப்படவில்லை' என்று டைப் அடித்திருக்கிறது. இது எண்ணா, சத்தியமா?

மார்ச் 31-க்குள் நான் அறிக்கை தர வேண்டும். "இது என் அண்ணி பட்டறை சார், வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்று மேலாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "சொந்தக்காரங்கன்னா நீங்க இன்னும் கண்டிப்பா இருப்பீங்க, நீங்களே பாருங்க" என்றார். உலோகம் சரியில்லை என்று எழுதினால் எங்கள் பட்டியலிலிருந்து உங்கள் பட்டறையை எடுத்துவிடுவார்கள். எங்கள் ஆர்டர் இல்லாவிட்டால் உங்கள் பெரிய உலைக்கு வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

காரணம் தெரிந்தால் எழுதுங்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் ஆத்திரம் வந்தது. மூன்றாம் தரம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன், அப்போதும் ஆத்திரம்தான் வந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் ஆட்களுக்கு வெல்டிங் பிடிபடவில்லை, அதற்கு என் உலோகத்தில் ஈயமா?

இங்கே ஈயம் எப்படி உள்ளே வரும், சொல்லு. சின்ன உலையில் குழாய்ப் பிடிக்கு வார்க்கிற கலவையில் ஈயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். முப்பது பங்கு நிக்கல் சேர்ந்தால் செம்பு தன் சிவப்பை விட்டு வெள்ளையாகிவிடுகிறது; அந்த ஈயக் கலவையும் வெள்ளை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. காந்தம் இரண்டையும் சீந்தாது. வெளுத்ததெல்லாம் பால் என்று அள்ளிப் பெரிய உலையில் போட்டால் தொலைந்தோம். அதற்காகத்தானே உன் அண்ணன் மஞ்சள் பட்டை வைத்தார்? செம்பு-நிக்கல் என்றால் வார்ப்பிலும் மஞ்சள் பட்டை, அதிலிருந்து வெட்டி எடுத்து மறுபடி உருக்குகிற மிச்சத் துண்டிலும் மஞ்சள் பட்டை. பட்டை இல்லாத துண்டு பெரிய உலைக்குள் போகாது. நான் பொறுப்பெடுத்த பிறகு அதை இன்னும் கெட்டியாக்கியிருக்கிறேன். அவர் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இழுப்பு இழுப்பார். நான் துண்டு முழுக்கப் பூசச் சொல்லியிருக்கிறேன். பத்தடி தள்ளி நின்றாலும் பளிச்சென்று தெரியும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியாதா? அவர் இறந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. பட்டறை ஆட்கள் பதினோரு பேரும் சுற்றி நிற்கிறார்கள். நீ உலை பக்கத்தில் நின்று சொன்னாய்: "டைப் அடிச்சுக்கிட்டிருந்தவங்க உலையைப் பாத்துக்கப் போறாங்களாம்! ரெண்டே மாசத்துல ரெண்டு வெள்ளையையும் ஒண்ணாக் கலந்துடுவாங்க, பாருங்க. பேசாம வித்துத் தொலைங்க." நான் விற்க மாட்டேன் என்றேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். ஆமாம், இருபத்தாறு வருடம் இந்தப் பட்டறையின் சான்றிதழ் எல்லாம் டைப் அடித்தவள் நான்தான். 'சேர்க்கப்படவில்லை' என்று அடித்ததும் நான்தான். அவர் சொல்லி அடித்தேன், இன்றைக்கும் அதையே அடிப்பேன்.

இரண்டு வருடம் காத்திருந்து பழி தீர்க்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். தாராளமாகச் செய். ஆனால் வெல்டிங்கைச் சரியாகச் செய்துவிட்டுச் செய்.

உன் அண்ணி


பிப்ரவரி 25

அண்ணிக்கு,

ஆடத் தெரியாதவளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான்காவது உடலை நானே வெல்டிங் செய்தேன். மேலாளர் உட்பட ஆறு பேர் நின்று பார்த்தார்கள். உங்கள் மஞ்சள் பெயிண்டை நாலு விரற்கடை தூரத்துக்குச் சுரண்டி, கரைப்பானில் துடைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் தொட்டேன். அதுவும் 'டிக்' என்றது. அப்புறம் வெல்டிங்கே படாத ஒரு மூலையில், தோலைச் சீவிவிட்டு உள்ளே துளைபோட்டுத் தூள் எடுத்து அனுப்பினேன். 0.033. ஈயம் மேலே ஒட்டியது இல்லை, அண்ணி. உள்ளேயே இருக்கிறது.

பழி தீர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

அப்பா பட்டறையை அண்ணனுக்கு எழுதினார். அண்ணன் உங்களுக்கு எழுதினார். நடுவில் ஒருத்தி இருந்தேன். உடைத்த துண்டின் நிறத்தைப் பார்த்தே நிக்கல் இருபதா முப்பதா என்று பதினேழு வயதில் சொன்னவள். அப்பாவுக்கு அது ஒரு வேடிக்கை, வருகிறவர்களிடம் காட்டிச் சிரிப்பார். அன்றைக்கு உலை பக்கத்தில் நின்று நான் சொல்ல வந்தது 'எனக்குக் கொடுங்கள்' என்பது. அது வாயில் வரவில்லை. 'விற்றுத் தொலையுங்கள்' என்று வந்தது. அதோடு சேர்ந்து அந்த இன்னொரு பேச்சும் வந்தது. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த பொருளை மட்டமாகப் பேசுவது எங்கள் குடும்ப வழக்கம்.

சரி. அண்ணன் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு வார்த்து, எண் குத்தி, மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் போட்டு வைப்பார். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் வைப்பார். அந்தப் பழக்கத்தை நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாவற்றிலும் ஈயம் பார்க்கச் சொல்லி ஏதாவது ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம், நான் மாற்றிவிடுவேன் என்பீர்கள். நீங்களே அனுப்புங்கள், நீங்களே படியுங்கள்.

நாத்தனார்


மார்ச் 4

நாத்தனாருக்கு,

நாற்பது சில்லு இருந்தது. நாற்பதும் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. நடுவில் ஒன்றைக்கூட நான் எடுத்து ஒளிக்கவில்லை, உலைக்காரர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிவு என்ன வந்தாலும் செத்துப்போன மனுஷன் தலையில் கட்டலாம் என்று பார்க்காதே. அவர் வைத்த முறையில் தப்பு என்று எவன் சொன்னாலும், நீயே சொன்னாலும், நான் விட மாட்டேன்.

நீ 'எனக்குக் கொடுங்கள்' என்று கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

நேற்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் பயன்படுத்திய வெல்டிங் கம்பி ஒரு பழைய கட்டிலிருந்து வந்தது. அதன்மேல் பழியைப் போட்டு அறிக்கை எழுதினால் யாரும் நோண்ட மாட்டார்கள். நிக்கல் கலவையில் விரிசல் என்றால் பாதிப் பேர் கம்பியைத்தான் திட்டுவார்கள். பன்னிரண்டு உடலையும் 'பொருந்தவில்லை' என்று ஓரம் கட்டிவிட்டு, நீங்கள் ஓசைப்படாமல் வேறு வார்த்து அனுப்பலாம். பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.

எனக்கு இப்படி எழுதக் கை கூசுகிறது. பதினெட்டு வருட வேலையில் ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை. ஆனால் பதினோரு பேரில் ஏழு பேர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். உலைக்காரருக்குப் 'பேச்சாளர்' என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார் என்பதால்.

சரி என்றால் 'சரி' என்று ஒரு சொல் எழுதுங்கள், போதும்.


மார்ச் 21

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இனிமேல் நீ என்னைப் பார்த்து நேர்மை நியாயம் என்று வாய் திறந்தால் எடுத்துக் காட்டுவேன்.

உன் தயவு எனக்கு வேண்டாம். உன் அண்ணன் இருந்தால் இதைப் படித்துவிட்டு உன்னை முதுகில் நாலு வைத்திருப்பார். வெல்டிங் கம்பி செய்தவன் யாரோ, எவனோ, அவன் தலையில் ஏன் நம் பாவத்தைக் கட்ட வேண்டும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் ஆகாது. அதுவும் கடலுக்குப் போகிற பம்பில்.

ஆமாம், 'நம் பாவம்' என்று எழுதிவிட்டேன். சில்லுகளின் முடிவு வந்துவிட்டது. அவர் வார்த்த கடைசி இருபது சில்லு: 0.003, 0.004, 0.004, 0.005. ஒன்றுகூட 0.005 தாண்டவில்லை. அதற்கப்புறம் என் இருபது: 0.009, 0.015, 0.022, இப்படியே படி ஏறி, கடைசிச் சில்லு 0.034. நீ அன்றைக்குச் சொன்னது காதுக்குள்ளேயே கேட்டது. இரண்டு வெள்ளையையும் கலந்துவிட்டேனா?

கலக்கவில்லை. வாசலைச் சாத்திவிட்டு இரண்டு நாள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். புதுச் செம்புக் கட்டி, புது நிக்கல் தகடு, இரண்டிலும் ஈயம் இல்லை. மிச்சத் துண்டுத் தொட்டியில் நானூறு கிலோ இருந்தது. ஒவ்வொரு துண்டையும் அறுத்துப் பார்த்தோம், சின்ன உலைத் துண்டு ஒன்றுகூட இல்லை. அதே ஆட்கள், அதே உலை, அதே கலவை. என்ன மாறிச்சு, என்ன மாறிச்சு என்று நான் பதினோரு பேரையும் பிடுங்கி எடுத்தேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் பேச்சாளர் தொண்டையைச் செருமினார்.

"பெயிண்ட் டப்பா சீக்கிரம் தீருது."

எண்ணிப் பார், சரியாக நாலு வார்த்தை. காய்ந்த மஞ்சள் பெயிண்டைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பதினைந்து சதவீதம் ஈயம்! அந்தப் பளிச்சென்ற நிறமே ஈயத்தால் வருகிறதாம். அவர் எப்போதோ மொத்தமாக வாங்கிப் போட்ட பழைய சரக்கு. மிச்சத் துண்டு முழுக்க நான் அதைப் பூசுகிறேன், அது உலைக்குள் போகிறது, உருகிய உலோகத்திலிருந்து மறுபடி மிச்சத் துண்டு வருகிறது, அதற்கு மேலும் பூசுகிறேன். ஈயத்தை உள்ளே விடக் கூடாது என்று பூசிப் பூசி, நானே கரண்டி கரண்டியாக ஊட்டியிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இதில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும் என்று உனக்கே பெருமையடித்தேன்!

இப்போது கேள். அவர் போட்டது கட்டைவிரல் அகலப் பட்டை. அந்த அளவுக்கு 0.005 தாண்டாது என்று அவருடைய இருபது சில்லும் சாட்சி சொல்கின்றன. அவர் பட்டையில் குறை இல்லை. அதைத் துண்டு முழுக்க இழுத்தவள் நான். இது எனக்கு எத்தனை ஆறுதல் என்று உனக்குப் புரியாது. தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது, அவருடையது இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன்.

சொல்லியும் விட்டேன். நேற்றே உன் மேலாளருக்கு என் கையெழுத்தில் எழுதி அனுப்பியாயிற்று: ஈயம் எங்கள் பெயிண்டில் இருந்து வந்தது, பன்னிரண்டையும் திருப்பி அனுப்புங்கள், வெல்டிங்கில் குறை இல்லை. நீ அறிக்கையில் எதை எழுதினாலும் அதற்குப் பொருந்தித்தான் எழுத வேண்டும். இனி என்னை நீ காப்பாற்ற முடியாது.

பட்டியலிலிருந்து எடுக்கிறார்களா, எடுக்கட்டும். அவர்கள் பட்டியலைப் பார்த்தா நான் உலை மூட்டினேன்?

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

எடுத்துவிட்டார்கள். நான்தான் அறிக்கை எழுதினேன், எல்லா எண்ணும் உள்ளது உள்ளபடி. பன்னிரண்டு உடலும் இந்த வாரம் கிளம்புகின்றன.

கூட்டத்தில் உங்கள் கடிதத்தை மேலாளர் வாய்விட்டுப் படித்தார். முடித்துவிட்டு, "இருபது வருஷத்துல 'தப்பு எங்களோடது'ன்னு எழுதின முதல் வார்ப்புக்காரர் இவங்கதான்" என்றார். ஒருத்தர் சிரித்தார், "பெயிண்ட் அடிச்சே பட்டறையை மூடிட்டாங்களா?" என்று. "மூடல. மூடவும் மாட்டாங்க. வேணும்னா பந்தயம் கட்டுங்க" என்றேன். என் குரல் அத்தனை சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

விதியில் ஒரு வழி இருக்கிறது. புது உலோகத்தில் ஒரு உடல் வார்க்க வேண்டும். தளத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு வெல்டிங் செய்து, அதிலிருந்து ஒரு உலோகத் துண்டு வெட்டி, இரட்டையாக மடிகிற வரை வளைத்துப் பார்ப்பார்கள். வளைவின் வெளிப்பக்கம் மயிரிழை விரிசல் இல்லாவிட்டால் பெயர் மறுபடி ஏறும். விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம்.

அறிக்கையில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'அடையாளப் பெயிண்டின் அளவு அதிகரித்தது' என்று எழுதினேன். அதோடு நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அந்தக் கட்டம் சின்னது. ஆனால் மஞ்சள் பட்டை ஏன் அகலமாயிற்று? தப்பு முழுக்க உங்களுடையது என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. பதினோரு பேர் முன்னால் ஒருத்தி 'கலந்துடுவாங்க' என்று சொன்னாள். அதற்கு மறுநாளிலிருந்துதானே பூச ஆரம்பித்தீர்கள்? உங்கள் உலையில் ஈயம் நான் போட்டது, அண்ணி. மன்னித்துவிடுங்கள். இதை இரண்டு வருடம் முன்பே, வேறு காரணத்துக்காக, எழுதியிருக்க வேண்டும்.

நாத்தனார்


ஏப்ரல் 24

நாத்தனாருக்கு,

மன்னிப்பையும் பங்குபோட வந்துவிட்டாயா? தப்பில் பாதி உனக்கு வேண்டும் என்றால் எடுத்துக்கொள், எனக்குப் பாரம் குறைந்தது. ஆனால் தூரிகையைப் பிடித்தது என் கை. அதை உனக்கு விட்டுத்தர முடியாது.

பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. பட்டறை வாசலில் இறக்கியபோது தெருவே நின்று பார்த்தது. பக்கத்துக் கடைக்காரர் கிட்டே வந்து, "என்னம்மா, திரும்பி வந்துடுச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க, நான்தான் வரச் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பன்னிரண்டும், தொட்டியில் கிடந்த நானூறு கிலோவும் இனிப் பெரிய உலைக்குள் போகாது. எல்லாம் சின்ன உலைக்கு. குழாய்ப் பிடிக்கு ஈயம் பிடிக்கும், அது தின்னட்டும். மஞ்சள் டப்பா பாக்கி இருந்த ஒன்பதையும் விஷச் சரக்கு எடுக்கிறவர்களை வரச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒன்றின் மூடியில் உன் அண்ணனின் கட்டைவிரல் ரேகை மஞ்சளில் பதிந்திருந்தது. அந்த மூடியை மட்டும் கொடுக்கவில்லை. மேஜைமேல் இருக்கிறது, உலைப் பக்கம் போகாது. இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இனிப் பெயிண்டே கிடையாது. ஒவ்வொரு துண்டிலும் சுத்தியலால் '70-30' என்ற கலவைப் பெயரைக் குத்துகிறோம். ஒரு துண்டுக்கு ஒரு நிமிஷம் பிடிக்கிறது. முதல் நாள் சாயங்காலம் பேச்சாளர் என்னிடம் வந்து, "கை வலிக்குது" என்றார். "மீதி ரெண்டு வார்த்தையையும் சொல்லுங்க" என்றேன். "பரவாயில்ல, குத்தலாம்" என்றார்.

சோதனைக்காகப் புது உலோகத்தைக் கொஞ்சமாக உருக்கினோம். ஆயிரத்து நானூறு டிகிரியில் ஊற்றி, ஒரு சில்லு வார்த்து, எண் குத்தினேன். சில்லு ஆய்வகத்துக்குப் போய் வந்தது. சான்றிதழை நானே டைப் அடித்தேன். ஈயம் என்ற இடத்தில் வழக்கம்போல விரல் 'சே'க்குப் போயிற்று. நிறுத்தி, 0.001 என்று அடித்தேன். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் அடித்த முதல் எண்.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். மே 12, காலை பத்து மணிக்கு வார்ப்பு. உன் தளத்திலிருந்து வேறொரு ஆய்வாளர் வருகிறாராம். இந்த முறை சொந்தக்காரர் சாட்சியாக நிற்க வேண்டாம் என்று நானே எழுதிக் கேட்டேன். நாளைக்கு ஒருத்தன் வாய் கூசாமல் பேசக் கூடாது.

அதனால் ஆய்வாளராக நீ இங்கே கால் வைக்க முடியாது. லீவு போட்டுவிட்டு நாத்தனாராக வா. பதினோரு பேரும் இருப்பார்கள். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, அன்றைக்கு வாயில் வராததை வாய் திறந்து கேள். முழுசையும் கேட்காதே, தர மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன்.

பாதி கேள்.

அண்ணி